பொறுப்பானவர்: பாமா

சௌந்தரராஜனைப் பொறுத்தவரை உலகத்தில் எதுவும் தானாகக் கெட்டுப்போகாது. யாரோ கெடுத்திருப்பார்கள். ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷமாகப் பழுதாய்வுப் பிரிவில் இருப்பவர் வேறு எப்படி நினைப்பார்? திரும்பி வந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறிக்கை. அறிக்கையில் நான்கு கட்டங்கள்: பழுது, காரணம், பொறுப்பானவர், இனி செய்ய வேண்டியது. மூன்றாவது கட்டத்தை அவர் காலியாக விட்டதே இல்லை. யாராவது இளசு அதில் 'தேய்மானம்' என்று எழுதி நீட்டினால், "தேய்மானத்துக்கு ஸ்டாஃப் நம்பர் என்னப்பா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பிரதிகள் மூன்று. ஒன்று கோப்புக்கு, ஒன்று சம்பந்தப்பட்டவருக்கு, ஒன்று அறிவிப்புப் பலகைக்கு.

அந்தப் பழக்கம் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் அறிவிப்புப் பலகை ஃபிரிட்ஜ் கதவு. மிக்ஸி புகைந்தால் பொறுப்பானவர்: பாமா. இஸ்திரிப் பெட்டி ஒயர் தீய்ந்தால் பொறுப்பானவர்: பாமா. சுவர்க்கடிகாரம் நின்றபோது மனைவி ஊரிலேயே இல்லை. அப்போதும் 'ஊருக்குப் போகுமுன் பேட்டரி மாற்றத் தவறியவர்' என்று அவள் பெயரே வந்தது. பாமா மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் அந்தப் பக்கத்து உருது கலந்துவிடும். "ஹவ் ஹவ், நான்தான். ஜெயில்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஆனால் ஒவ்வொன்றையும் படித்தாள். எண்ணிக்கையும் வைத்திருந்தாள். இரண்டாயிரத்தாறு ஆயுத பூஜை வரைக்கும் முப்பத்தெட்டு.

சௌந்தரராஜனிடம் எண்பத்திரண்டாம் வருஷத்து ஃபியட் ஒன்று இருந்தது. பச்சை நிறம். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. தொழிற்சாலையில் இப்போது வருகிற கருவிகள் கெட்டால் உள்ளே ஒரு பலகையைப் பிடுங்கிவிட்டு வேறு பலகையைச் செருகுகிறார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஃபியட் ஒன்றுதான் அவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும். அதை அவர் வெளியே சொன்னதில்லை. சொன்னால் மகள் வர்ஷினி சிரிப்பாள்.

வர்ஷினி ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசை எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் ஒரு கார் பதிவு செய்து ஒரு மாதமாகிறது. சௌந்தரராஜன்தான் பிடிகொடுக்காமல் இருந்தார்.

ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே வண்டியைக் கழுவி, எஞ்சின் மூடியைத் திறந்து, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனமும் குங்குமமும் வைத்தார். பாமா செம்பிலிருந்து மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். "எஞ்சின் மேல படாம தெளி" என்றார் அவர். நாலு சொட்டு பட்டுவிட்டது. பூஜை முடிந்தால் அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. வண்டி அப்படியே நின்றது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கரகரவென்று சுற்றியது. பற்றிக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் திருப்பினார். சுற்றிச் சுற்றி இளைத்ததுதான் மிச்சம்.

பத்து நிமிஷத்தில் ஃபிரிட்ஜில் தாள் ஏறியது. பழுது: ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம்: எஞ்சினில் நீர் புகுந்தது. பொறுப்பானவர்: பாமா.

பாமா படித்தாள். "ஒரு சொம்புத் தண்ணியில நின்னுபோற வண்டி, மழையில எப்படிங்க ஓடிச்சு?"

"இது தற்காலிக அறிக்கை. விசாரணை நடக்குது."

"நடக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு பழைய வண்டி எடுக்கிறவன் வர்றான். வர்ஷினி சொல்லிட்டா. அதுக்குள்ள, தள்ளாம, தானா ஸ்டார்ட் ஆச்சுன்னா வண்டி இங்கயே இருக்கட்டும், நான் வாயத் திறக்கல. ஆகலைன்னா டாட்டா காட்டிடுங்க. அரைகுறை பேச்செல்லாம் வேணாம், நக்கோ."

சௌந்தரராஜன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு ஸ்கேலும் பேனாவும் தேடினார்.

அவரிடம் பதினொரு வரிசைகள் கொண்ட அட்டவணை தயாரானது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாகம், சோதித்தவர் கையெழுத்து. தினமும் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டிக்குள் குனிந்துவிடுவார். பேட்டரி சரி. பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் உடம்பில் சாய்த்துவைத்து, வர்ஷினியைச் சாவி திருப்பச் சொன்னார்.

"பொறி வருதா பாரு!"

"நான் உள்ள உக்காந்திருக்கேன் டாடி. யூ ஒன்லி சீ."

பொறி வரவில்லை. அதாவது நெருப்பு இல்லை, அதனால் எரியவில்லை. இதுவரை தெளிவு. தண்ணீர் எங்காவது நிற்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் சருகாய்க் காய்ந்திருந்தது. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. காயிலை மாற்றினார். பொறி இல்லை. கண்டென்சரை மாற்றினார். ஒயரை மாற்றினார். இல்லை, இல்லை.

சனிக்கிழமை மெக்கானிக் இர்பான் வந்தான். முன்பு மாதத்துக்கு இரண்டு தரம் வருவான். இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம். காயிலின் ஒரு முனையில் சின்ன பல்பைக் கொடுத்து, எஞ்சினைச் சுற்றவிட்டான். மின்சாரம் விட்டு விட்டுப் போனால் பல்பு மினுக் மினுக்கென்று சிமிட்ட வேண்டும். அது சிமிட்டாமல் நின்று எரிந்தது. இர்பான், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் தட்டிக் காட்டினான்.

"சாப், இந்த டக்கனைத் தொறங்க. உள்ள பாயிண்ட் ஒண்ணோட ஒண்ணு சேரல."

"கைக்கு? எதுக்குத் தொறக்கணும்? அது ஏழாவது வரிசை. போன ஞாயித்துக்கிழமை நானே தொறந்து, நானே தொடச்சு, நானே மூடினது. என் கையெழுத்து இருக்கு பாரு."

இர்பான் கையெழுத்தைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். "அப்ப கையெழுத்தையே ஸ்டார்ட் பண்ணுங்க சாப்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டான்.

ஞாயிறு காலை ஒன்பதரை. அட்டவணையில் பத்து வரிசைகள் இரண்டு தரம் சோதிக்கப்பட்டிருந்தன. ஏழாவது மட்டும் ஒரு தரம். அவர் கையெழுத்துப் போட்டதை இருபத்தேழு வருஷத்தில் யாரும் மறுபடி சோதித்ததில்லை, அவர் உட்பட. பாமா குளிக்கப் போயிருந்தாள். வர்ஷினி இன்னும் எழுந்திருக்கவில்லை. சௌந்தரராஜன் இரண்டு கிளிப்பையும் விலக்கி மூடியைத் தூக்கினார்.

டார்ச்சை அருகே கொண்டுபோனார்.

உள்ளே, ஒன்றோடொன்று தொட்டுப் பிரிய வேண்டிய இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவில், காய்ந்து கெட்டியாகி, அழகான ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். அவர் வைத்ததுதான். போன ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாகத்துக்கும் வைத்துக்கொண்டே வந்தபோது, வெளியில் வைப்பதெல்லாம் ஊருக்குக் காட்டத்தான், வண்டியின் உயிர் இருக்கிற இடம் இதுவல்லவா என்று பக்தி முற்றி, மோதிர விரலால் ஒரு பொட்டு கூடுதலாக வைத்திருந்தார். மின்சாரம் சந்தனத்தைத் தாண்டிப் போகாது என்பதை அவர் பயிற்சி வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறார். சந்தனம் என்று சொன்னதில்லை, அந்நியப் பொருள் என்று சொல்லியிருக்கிறார்.

உப்புத்தாளால் இரண்டு தேய், துணியால் ஒரு துடை. அவ்வளவுதான். மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஃபியட் தொண்டையைச் செருமிக்கொண்டு பற்றியது. சௌந்தரராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். கூடவே ஒரு திருட்டு யோசனையும் வந்தது. யாரும் பார்க்கவில்லை. கண்டென்சர் என்று எழுதிவிட்டால் போயிற்று.

பதினொரு மணிக்கு வந்த ஆள், ஓடுகிற எஞ்சினைப் பார்த்துவிட்டு, பாமா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். வர்ஷினி கண்ணை உருட்டினாள். பாமா வாக்குத் தவறாதவள், வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய், எழுதாத படிவம் மூன்றையும் கார்பன் தாள் இரண்டையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

"விசாரணை முடிஞ்சுதுல்ல? எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். பழுது என்ற கட்டத்தை நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் 'க' என்று தொடங்கி நிறுத்தினார். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். அங்கே 'நீர் புகுந்தது, பொறுப்பானவர்: பாமா' ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் அவருக்கு மோர் எடுத்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டுக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. 'க'வை அடித்துவிட்டு, 'பாயிண்டுகளுக்கு நடுவே சந்தனம், குங்குமம்' என்று எழுதினார். மூன்றாவது கட்டத்தில் தன் முழுப் பெயரையும், வழக்கம்போல ஸ்டாஃப் நம்பரையும் எழுதினார்.

பாமா மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டாள். ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். "சம்பந்தப்பட்டவருக்கு" என்றாள். கோப்புப் பிரதியைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிக்ஸி புகைந்தது, குழாய் ஒழுகியது. அறிக்கை மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரவர் ஆயுதங்களைப் பலகையில் அடுக்கினார்கள். வர்ஷினி லேப்டாப் வைத்தாள். சௌந்தரராஜன் ஸ்பேனர் செட்டும் ஃபியட் சாவியும் வைத்தார். பாமா வழக்கமாக வைக்கும் கரண்டியையும் அரிவாள்மணையையும் காணவில்லை. அவள் பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்துவந்து, நடுவில் வைத்து, நான்கு மூலைக்கும் நிதானமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"இது என்னடி?" என்றார் சௌந்தரராஜன், தெரிந்தே.

"என் ஆயுதம்" என்றாள் பாமா. "நகருங்க, தண்ணி தெளிக்கணும்."