பல் படாத கிளாரினெட்

பெயர்ப்பலகை எழுதும் அவள் முன்கோபக்காரி. வாங்காத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடச் சொன்ன ஒரு வக்கீலைக் கடையை விட்டே விரட்டியவள். இன்று தாத்தாவின் கிளாரினெட்டுக்குப் பெயர்ச்சீட்டு எழுத உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை.

காலையில் வாத்தியம் பழுதுபார்ப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

"நல்ல சரக்குதான். ஆனா வாசிக்கிறவங்க பல்லு அழுந்தி, வாய் வைக்கிற இடத்துல தடம் விழும். இதுல ஒரு கீறல்கூட இல்ல. இதை யாரும் வாசிச்சதே இல்லம்மா."

தாத்தா பேண்டு வாத்தியக் குழுவில் வாசித்த பெருமையை, கேட்பவர் காது புளிக்கும்வரை நாற்பது வருடமாகச் சொல்லிவந்தவர் அப்பா. கூடத்துச் சுவரில் கிளாரினெட் வைக்கும் கண்ணாடிப் பெட்டியை மாட்டிவிட்டு, இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

'தாத்தா வாசித்த' என்று தொடங்கத்தான் நினைத்தாள். தூரிகை மறுத்தது. 'தாத்தாவின் கிளாரினெட்' என்று மட்டும் எழுதிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் திரும்பினாள்.

அப்பா குனிந்து அதைப் படித்தார்.

"உன் கையால 'வாசிச்சது'ன்னு எழுதிடுவியோன்னு பயந்துக்கிட்டே நின்னேம்மா," என்றார்.