மருதாயி அம்மாவுக்காகப் பேசப் போனேன்

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆறு வருஷம் உபதேசியாராக இருந்தேன். போதகர் கண்டியிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், நோயாளிகளைப் பார்ப்பதும், அடக்கம் செய்வதும் என் பொறுப்பு. மனைவி நாவலப்பிட்டியில் ஆசிரியை. நான் ஆலயத்தின் பின்னறையில் தனியாக இருந்தேன். இன்று ஊழியத்துக்கு வருகிறவர்கள் பிரசங்கம் தயாரிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கோ ஒரு பிரசங்கத்துக்கு மறுநாள் நடந்ததுதான் ஞாபகம் வருகிறது.

அந்த ஞாயிறு, விதவையின் வழக்கைப் பேசச் சொல்லும் வேதப் பகுதியை எடுத்துப் பேசினேன். நன்றாகப் பேசியதாகவே நினைத்தேன். ஸ்பீக்கர் சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை கேட்கும். திங்கள் காலை மருதாயி அம்மா வந்து வாசலில் நின்றார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்துவிட்டார், மகளுக்குக் கண் தெரியாது. கிறிஸ்தவர் அல்ல.

"விதவைக்குப் பேசணும்னு நேத்து சொன்னீங்களே ஐயா. எனக்குப் பேசுவீங்களா? வேலையாளுங்க பேர் எழுதுற செக்ரோல்ல இப்ப எம் பேர் இல்லன்னு, லயத்துல நாங்க இருக்கிற காம்பராவ விடச் சொல்றாங்க."

"ஜெபம் பண்றேம்மா" என்றேன்.

"சாமிகிட்ட நானே சொல்லிட்டேன். தொரைகிட்ட சொல்லத்தான் ஆள் இல்ல. எனக்கு சிங்களம் வராது."

தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளர்கள் சொல்வதைப் பெரிய கிளாக்கர்தான் அவருக்குச் சொல்வார். அவரே எங்கள் சபைச் செயலாளர். ஞாயிறுதோறும் எனக்குச் சாப்பாடு அனுப்புகிறவரும் அவர்தான். இரண்டு நாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

கிளாக்கர் வாசலிலேயே என்னை மறித்தார். "உபதேசியார், வேதத்தக் கோயில்ல வாசிங்க. ஆபீஸ நான் பாத்துக்கிறேன்."

குரல் கேட்டுத் துரையே வெளியே வந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். அந்தக் காம்பரா வெறுமையாகக் கிடக்கிறது, தாயும் மகளும் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்றே அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. கிளாக்கர் அதைத் தன் மச்சானுக்குக் கேட்டிருந்தார். துரை எங்களோடு லயத்துக்கு நடந்து வந்து, அடுப்படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். காம்பரா அவர்களுக்கே என்று அன்றே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கிளாக்கர் வீட்டார் ஆலயத்துக்கு வரவில்லை. அவருக்குப் பயந்த மற்ற குடும்பங்களும் வரவில்லை. வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னை மாற்றச் சொல்லிக் கண்டிக்குக் கடிதம் போனது. மனைவியிடம் போனில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றே சொன்னேன். நாலு ஞாயிறு வெற்று வாங்குப் பலகைகளுக்கு முன்னால் ஜெபம் வாசித்தேன். சபையார் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் நானே பதிலும் சொன்னேன். நான் செய்தது சரிதானா என்ற சந்தேகம்கூட வந்தது. அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஐந்தாம் ஞாயிறு மருதாயி அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒங்க சாமியக் கும்புட எங்களுக்குத் தெரியாது ஐயா. நீங்க ஒத்தையா இருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தோம்."

ஜெபப் புத்தகத்தை மூடினேன். இறங்கிப்போய் அவர்கள் வாங்கிலேயே உட்கார்ந்தேன்.

மாற்றல் வராமல் இல்லை. அடுத்த மாதமே பன்விலவுக்கு அனுப்பினார்கள். ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஏழைக்காகப் பேசப் போனால் தனியாக நிற்க வேண்டி வரும், அதற்குத் தயாராகப் போங்கள். நான் அந்த அம்மாவுக்காகப் பேசியது ஒரே ஒரு காலை. அதற்கும் இரண்டு நாள் பிந்திப் போனேன். அவர்களோ நான் கூப்பிடாமலே வந்தார்கள்.