சமையலறையில் செருப்பு

என் தம்பி கந்தசாமிக்குப் பெண்டாட்டியாக வந்த மறுநாளே வனஜாவின் பாதத்தை நான் பார்த்துவிட்டேன். குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தில் நடந்தாள். மொசைக் தரையில் விழுந்த சுவடுகளில் நடுவில் வளைவே இல்லை. குதிகாலிலிருந்து விரல் வரை முழுசாக அப்பிக் கிடந்தது.

"இன்னாடி இது, தோசைத் திருப்பியால அமுக்கி வச்ச மாதிரி கீது?" என்றேன்.

புதுப்பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பார்த்தால், "ஆமா அண்ணி, எங்கம்மா திருப்பிப் போட மறந்துட்டாங்க போல" என்று சிரித்தாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பூனா பக்கம் சிஞ்ச்வட்டில் இரண்டாம் மாடி வீடு. என் வீட்டுக்காரர் கட்கி ஆர்டினன்ஸ் பேக்டரியில் இருந்தபோது வாங்கியது. அவர் போன பிறகு தம்பியை ஊரிலிருந்து வரவழைத்து, வேலை தேடிக் கொடுத்து, கல்யாணமும் நானே முடித்துவைத்தேன். ஆகவே வீட்டில் சட்டம் என்னுடையது. அதில் முதல் சட்டம், யாராக இருந்தாலும் செருப்பு வாசலோடு சரி. எங்கள் முருகன் வேறு சமையலறை அலமாரியில் இருக்கிறார். அவர் எதிரில் செருப்புக்காலோடு நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வனஜா குடியாத்தத்துப் பெண். ஐடிஐயில் பிட்டர் பிரிவில் படித்த ஒரே பெண் அவள்தான். எட்டு வருஷம் எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். அம்முவைப் பெற்று பள்ளிக்கூடம் அனுப்பினாள். பிறகு, தொண்ணூற்றேழில், பக்கத்தில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் வேலை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். முதல் நாள் கம்பெனிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாளே, அந்த முகத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் கியரில் தப்பான பல் ஒன்றும் தப்பாது. ஆனால் மேஜை உயரம், எட்டு மணி நேரமும் நின்றுதான் பார்க்க வேண்டும். நாலு மாதத்தில் உள்ளங்கால் எரிந்தது. எட்டு மாதத்தில் கணுக்கால் உள்பக்கம் வீங்கியது. யாரும் பார்க்காதபோது பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாளாம். சூப்பர்வைசர் மூன்று தடவை பார்த்துவிட்டார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை. "நிற்க முடியாவிட்டால் மார்ச்சுக்குப் பிறகு பேக்கிங் பிரிவுக்குப் போய்விடு பஹென்" என்று தங்கச்சியிடம் சொல்வது போலச் சொன்னாராம். பேக்கிங் என்றால் கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. மைக்ரோமீட்டர் கைக்கே வராது. மார்ச் முடியப் பன்னிரண்டு வாரம்தான் இருந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் நஸ்ரின் என்ற பெண் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது பூனா. "ஆபரேஷன் எல்லாம் வேணாம் அக்கா. பாதத்துல மசில் சோம்பேறி ஆயிடுச்சு, அத எழுப்பணும், அவ்ளோதான்" என்று சொல்லி, கம்பெனி ஷூவுக்குள் வைக்க வளைவுள்ள அட்டை ஒன்றும் செய்து கொடுத்தாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது கூத்து. தரையில் துண்டை விரித்து, கால் விரலாலேயே அதைச் சுருட்டிச் சுருட்டி இழுக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஐஸாக்கி உள்ளங்காலில் உருட்ட வேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கோலிக்குண்டுகளைக் கால் விரலால் கவ்வி எடுத்து டம்ளரில் போடுவதற்கு, நான் காப்பி குடிக்கும் டம்ளரா கிடைத்தது? கத்தித் தீர்த்துவிட்டேன். மறுநாள் பெயிண்ட் டப்பா வந்தது.

விடிகாலை ஐந்து மணிக்கு டப்பாவில் டங் டங் என்று கோலி விழுந்தால் கீழ் வீட்டில் எப்படித் தூங்குவார்கள்? ஜோசபின் டீச்சர் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். அவளுக்கும் குதிகால் வலி என்பது பேச்சில் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து இரண்டு டப்பா.

ஆறு வாரம் ஆயிற்று. விரல்கள் கை மாதிரி வேலை செய்தன, வலி மட்டும் அங்கேயே நின்றது. இந்தத் தடவை பிசியோதெரபிக்கு நானும் கூடப் போனேன். நஸ்ரின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று நிமிர்ந்து, "வீட்டுல கால்ல என்ன போடுறீங்க அக்கா?" என்றாள்.

"வீட்டுலயா? வீட்டுல எதுக்கு?" என்றாள் வனஜா.

நஸ்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் வீட்டுல வெறுங்காலுதான். அதான் கேக்கவே தோணல. என் தப்பு அக்கா. ஷூ எட்டு மணி நேரம் பாதத்தத் தூக்கிப் பிடிக்குது. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் அஞ்சு மணி நேரம் கல்லுத் தரை மறுபடி அமுக்கிடுது. கொஞ்ச நாளைக்கு வீட்டுல, கிச்சன்லயும், வளைவு வச்ச செருப்புப் போட்டே ஆகணும்."

"நல்லா இருக்கே நியாயம்! முருகன் எதிர்ல செருப்பா?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கந்தசாமியிடம் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்கக்கா" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். வனஜாவோ, "வேணாம் அண்ணி, நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். வனஜா மேடை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னாடி?"

"வெங்காயம் அண்ணி."

அன்றைக்கு அமாவாசை. வீட்டில் வெங்காயமே உரிக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பது வருஷமாக இவள் இந்தத் தரையில் நின்று எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைத் துடைத்து, முருகனைத் தூக்கிக் கூடத்து ஷோகேஸுக்கு மாற்றினேன். "கோவிச்சுக்காதப்பா. உனக்கு மயில் இருக்கு, அவ நின்னாவணும்" என்று கற்பூரம் காட்டினேன். வனஜாவின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு, நஸ்ரின் எழுதிக் கொடுத்த கடையைத் தேடிப் போய், தெரு மண்ணே படாத புதுச் செருப்பு வாங்கி வந்தேன். நேராகச் சமையலறைக்குள் போய்க் குனிந்து, அவள் காலைப் பிடித்து நானே மாட்டிவிட்டேன்.

"ஐயோ அண்ணி, இன்னா பண்றீங்க! எழுந்திருங்க!"

"சும்மா நில்லுடி. ஆடுனா எப்படி மாட்டறது?"

பத்து நாளில் வீக்கம் வடிந்தது. மூன்றாவது வாரம் கூடையைத் தேடாமல் ஒரு ஷிப்ட் நின்றாள். பிறகு இரண்டு, பிறகு வாரம் முழுக்க. கோலி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

மார்ச் கடைசி நாள். கடிதம் கொடுப்பார்கள் என்று தெரியும், என்ன கடிதம் என்று தெரியாது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானமே உளுந்து அரைத்து வடை தட்ட ஆரம்பித்துவிட்டேன். வேலை கிடைத்தால் கொண்டாட்டத்துக்கு, கிடைக்காவிட்டால் ஆறுதலுக்கு, வடை இரண்டுக்கும் ஆகும். மணி ஐந்தரை ஆகியும் அடுப்பை விட்டு நகரவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று.

வனஜா வந்தாள். கடிதத்தை என் கண் முன்னால் பிடித்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அவள் முகம் போதுமானதாக இருந்தது.

கட்டிப்பிடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கூடத்திலிருந்து நாற்காலியை இழுத்து வந்து எனக்குப் பின்னால் போட்டாள். என் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி," என்றாள். "நான் நிக்கறேன்."