தளும்பிக்கொண்டே இருந்த பீப்பாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில்தான் அண்ணியும் அவருடைய நாத்தனாரும் முதன்முதலில் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். இடம், குளியலறை வாசல். உள்ளே நாத்தனார் பாடியபடி குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே, மணமாகி முந்தைய நாள்தான் வந்திருந்த அண்ணி, காலி வாளியோடு காத்திருந்தார். ஒருவழியாகக் கதவு திறந்தது.

"மகாராணி நீராடி முடிச்சாச்சா? குழாய்ல எங்களுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"வந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள வாயப் பாருண்ணா!" என்று அவள் அண்ணனிடம் முறையிட்டாள். அண்ணன் பேருந்து ஓட்டுநர். இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒதுங்கத் தெரிந்தவர். செய்தித்தாளைச் சற்றே உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்று முதல் அவளுக்கு மகாராணி என்ற பெயரே நிலைத்தது. பதிலுக்கு அவள் அண்ணிக்குச் சூட்டிய பெயர் சொட்டம்மா.

அது பொருத்தமான பெயர்தான். வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும் அண்ணிக்குத் தூக்கம் கலைந்துவிடும். காய்கறி கழுவிய நீர் எலுமிச்சைச் செடிக்குப் போகும். துணி அலசிய நீர் தரை துடைக்கப் போய், அங்கிருந்து கழிப்பறைக்கும் போய்ச் சேரும். ஒரே ஒரு வேலையோடு ஓய்வு பெற அந்த வீட்டில் தண்ணீருக்கு அனுமதி கிடையாது. யாரேனும் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பதாகச் சொன்னால், "அப்போ சிக்கனக்காரங்கன்னு சொல்லுங்க" என்பார்.

பின்கட்டில் நின்ற நீலநிறப் பீப்பாய்தான் அவருடைய பெருமை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் நீர் வந்த பஞ்சகாலத்தில் வாங்கியது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அதற்கு இறங்கும் நீரை, நிறைந்ததும் நிறுத்த ஒரு மிதவை உண்டு; தப்பித் தவறி வழிந்தால் முற்றம் சேறாகாமலிருக்க, மண்ணுக்கடியில் தெருச் சாக்கடை வரை ஒரு குழாயும் பதித்திருந்தார். பஞ்சம் போய் எந்நேரமும் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகும் பீப்பாய் போகவில்லை. கறவை மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல நாள்தோறும் அதைத் தட்டிக்கொடுத்து, "என்னைக்காவது குறைஞ்சிருக்கா பாருங்க, எப்பவும் தளும்பத் தளும்ப இருக்கும்!" என்பார்.

மணவாழ்க்கை சரிப்பட்டு வராமல் மகாராணி திரும்பி வந்தபோது, முன்னறையைக் காலி செய்து, "இங்க ஒரு அழகு நிலையம் வை" என்றவரும் அண்ணிதான். கடை நன்றாகவே நடந்தது. மொட்டைமாடித் தொட்டி நண்பகலுக்குள் காலியாகத் தொடங்கியதும்தான் வினை வந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் இறங்கி வந்தார்.

"ஊரார் தலையெல்லாம் அலச என் தொட்டிதான் கிடைச்சுதா? மாசக் கடைசிக்குள்ள கடைய மூடிடும்மா."

அந்தக் கடையை விட்டால் மகாராணிக்கு வேறு பிழைப்பு இல்லை. அண்ணியோ, "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று சொம்பும் கையுமாகக் கடைக்குள்ளேயே வந்து நின்றுவிட்டார். தலைக்கு இரண்டே சொம்பு. ஒரு வாடிக்கையாளர் காதோரம் நுரையுடன் வீடு போய்ச் சேர்ந்தார்.

பொறுத்துப் பார்த்த மகாராணி ஒரு நாள் கடையையே திறக்கவில்லை. அன்றும் தொட்டி காலி! அப்படியானால் நீர் வேறெங்கோ போகிறது. அவளுக்குத் தெரிந்த கருவி ஒன்றுதான்: முடிக்குப் பூசும் சிவப்புச் சாயம். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் கரைத்து ஊற்றினாள். கீழே பீங்கான் வெள்ளையாகவே இருந்தது; அங்கே கசிவு இல்லை. மிஞ்சியதைப் பீப்பாயில் ஊற்றினாள்.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா இது? சாக்கடை ரத்தமா ஓடுது!"

மிதவை என்றைக்கோ பழுதாகியிருந்தது. பீப்பாய் ஏன் ஒருநாளும் குறையவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சொட்டுக்கெல்லாம் காவல் இருந்தவரின் பின்கட்டில், சத்தமில்லாமல் ஓர் ஆறே ஓடிக்கொண்டிருந்தது.

பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த கேலிகள் அனைத்தும் மகாராணியின் நுனிநாக்குக்கு வந்தன. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், விழுங்கிக்கொண்டாள். "பைப் பழசாயிடுச்சு அண்ணி, வெடிச்சிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றாள் மெதுவாக.

"பைப் மேல ஏன் பழி போடுற? அது வாயில்லா ஜீவன்" என்று சொல்லிவிட்டு அண்ணி மாடிப்படி ஏறினார்.

"உங்க தொட்டியக் காலி பண்ணது நான்தாங்க. மூடணும்னா என் டிரம்ம மூடச் சொல்லுங்க. அவ கடை மேல கை வைக்காதீங்க."

"நீங்களா? படியில ஒரு டம்ளர் தண்ணி கொட்டினதுக்கு எனக்கே பாடம் எடுத்தீங்களேம்மா!" வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடை பிழைத்தது.

புதிய மிதவை வந்தது. அதன்பிறகு மாதந்தோறும் அண்ணியே கடைக்கு வந்து, யார் காதிலும் விழாதபடி, "அந்தச் செவப்பு கொஞ்சம் குடு" என்பார். "யாருக்கு அண்ணி, உங்களுக்கா, டிரம்முக்கா?" என்று மகாராணி கடை முழுவதும் கேட்கும்படி விசாரிப்பாள்.

காலம் கடந்தது. அண்ணி படுக்கையில் விழுந்தார். வாரம் தவறாமல் மகாராணிதான் தலை அலசிவிட்டாள்: கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்து, கீழே வாளி வைத்து, அரைச் சொம்பு நீரில் முழுத் தலையையும் முடிக்கும் கைப்பழக்கத்தோடு. அந்தக் கடைசி வாரம் அண்ணி கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"என்ன மகாராணி, சொட்டுச் சொட்டா ஊத்துற? கடைசி அலசல் தாராளமா ஊத்து. எலுமிச்சைக்கு இன்னைக்கு நிறையத் தண்ணி வேணும்."