தண்டவாளம் இல்லாத பாதையில் கிளறிற்றா

என் மனைவி கிளறிற்றா எதையும் பாதியில் விடமாட்டாள். லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருட வேலை. ஒருநாள் லீவு எடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் சொந்தத் தங்கை அஞ்சலீனாவோடு நான்கு வருடம் பேசாமல் இருந்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் மகளின் கலியாணத்துக்கு எல்லார் வீட்டுக்கும் கார்டோடு போனோம். தங்கைதானே என்று அஞ்சலீனாவுக்கு மட்டும் இவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அவள் வரவில்லை. ரோசத்தில் இருவரும் ஒரே அச்சு. நடுவில் வாயைத் திறந்தால் எனக்குத்தான் இரண்டு பக்கமும் அடி.

இந்த நவம்பரில், அஞ்சலீனா மகனோடு கனடாவுக்கே குடிபெயர்ந்து போகிறாள் என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை பயணம். அதற்கு முந்திய சனிக்கிழமை, கோயில் ஆட்களோடு தானும் நடக்க வருவதாகக் கிளறிற்றா சொன்னாள்.

"முழங்காலுக்கு நல்லதாம்."

அவளுடைய முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நடைக்கு அஞ்சலீனா தவறாமல் வருவாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர், இறந்தவர்களுக்காகச் செபிக்கும் மாதம். ரிக்மன்ஸ்வேர்த்துக்கு அப்பால், ஒருகாலத்தில் ரயில் ஓடிய பாதையில் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்போம். தண்டவாளத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள், வயலில் உறைபனி, காலுக்குக் கீழே இலையும் சேறும். ஒருவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்கவேண்டும். அப்படிப் பத்துத் தடவை சொன்னால் ஒரு 'பத்து'; அதை ஒவ்வொருவராகத் தொடங்குவோம்.

"நாலாம் பத்து, கிளறிற்றாக்கா!" என்று நடைக்குப் பொறுப்பான ரஞ்சனா முன்னாலிருந்து கத்தினாள். பிறகு குளிருக்குப் பயந்து கூட்டமே ஓட்டமும் நடையுமாக ஒரு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது. சேறு வழுக்குமென்று அஞ்சலீனா பின்தங்கினாள். கிளறிற்றாவும் நடையைக் குறைத்தாள். அவர்களுக்குப் பின்னால் நான்.

கிளறிற்றா முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது.

செபத்தைப் பாதியில் தொங்கவிட அஞ்சலீனாவுக்கும் மனம் வரவில்லை. மெல்லிய குரலில் முடித்தாள். இரண்டாவது, மூன்றாவது என்று போகப்போகக் குரல் தெளிந்தது. அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து முடிந்தது. கிளறிற்றா நிறுத்தாமல் அடுத்ததைத் தொடங்கினாள். அஞ்சலீனா அதையும் முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, பதினொண்டு ஆச்சு."

"தெரியும்."

"பிறகேன் நிப்பாட்டேல்லை?"

கிளறிற்றா சேற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நிப்பாட்டினா நீ பிறகு கதைக்கமாட்டாய்."

அஞ்சலீனா நின்றாள். கையுறையைக் கழற்றி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அப்ப பன்னிரண்டாவதை நான் துவங்கிறன். நீங்கள் முடியுங்கோ."