கைராசி அக்காவின் காய்ச்சல்

எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்களிடம் அவள் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். கைராசி அக்கா என்றால்தான் தெரியும். கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தால், வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, முழங்கைக்கு மேல்வரை உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துவிடுவாள். எந்த மாடும் அவளை உதைத்ததில்லை. ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் நீளம். புருஷன் போனபிறகு இரண்டே மாட்டை வைத்துப் பெண்ணைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள்.

நான் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். மூன்று மருந்தகத்துக்கு ஒரே டாக்டர். எங்களிடம் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் யாராவது பதறிக்கொண்டு வந்தால், "கைராசி அக்காவைக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவேன். என் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு ஹாயாக உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை. அலமாரியில் தோள்வரை வரும் கையுறை ஒரு பெட்டி பிரிக்காமலே கிடந்தது. ஒருமுறை எடுத்து நீட்டினேன்.

"உறையைப் போட்டா உள்ள எது ஒட்டிட்டிருக்கு, எது விட்டுடுச்சுன்னு விரலுக்குத் தெரியாது தம்பி. நீ வேணா போட்டுக்கிட்டு மாத்திரை எண்ணு" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே அலமாரியை மூடினேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்ததும் கையை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசுவாள். பிறகு முதல் காரியமாக, அந்தக் கையாலேயே தன் மாடுகளுக்கு ஆளுக்கொரு பிடி தவிடு ஊட்டுவாள். ராசி வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டுமாம். பார்க்கிறவர்களுக்கு அது அழகாகத்தான் இருந்தது, எனக்கும்தான்.

அந்த வருஷம் எங்கள் தெருக்களில் மூன்று மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏழாம் மாதத்திலேயே செத்த கன்றை வீசின. தீவனத்தைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள். மூன்று இடத்துக்கும் போய் நஞ்சுக்கொடி எடுத்தவள் அக்காதான். கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் ஆள் கல்லுமாதிரி இருப்பாள். சாயங்காலமானால் குளிரில் நடுங்கி, பிறகு வேர்த்து ஊற்றி, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சீக்காளி என்று பேர் வந்துவிட்டால் யார் தொழுவத்துக்குள் விடுவார்கள் என்று, மருந்துக்கடை மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு வைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் மகள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. படுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருந்ததால் மருமகன் கொண்டுவந்து விட்டிருந்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "கறந்த சூட்டோட குடிச்சாத்தான் உடம்புல ஒட்டும்" என்று இரண்டு வேளையும் நுரை அடங்காத பாலைக் கொண்டுவந்து நீட்டுவாள். டம்ளர் காலியாகும்வரை எதிரிலேயே நிற்பாள்.

நாலாவது மாடும் கன்றை வீசியபோதுதான் டாக்டர் விழித்துக்கொண்டார். வீடு வீடாகப் போய்ப் பால் வாங்கிவரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால், அதில் ஒரு சொட்டுச் சாய மருந்து, ஒரு மணி நேரம் வெதுவெதுப்பு. நோயில்லாத பாலில் நீலம் முழுக்கப் பரவி நிற்கும். நோய் இருந்தால் மேலே மிதக்கும் கொழுப்பில் நீலமாக ஒரு வளையம் கட்டும், அடிப்பால் வெளுத்துவிடும். பதினெட்டுக் குழாயில் ஐந்தில் வளையம் இருந்தது. அதில் ஒன்றின் சீட்டில் என் கையெழுத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தது.

"புருசெல்லோசிஸ்" என்றார் டாக்டர். "நஞ்சுக்கொடியை வெறுங்கையால தொட்டா மனுஷனுக்கும் வரும். காய்ச்சாத பாலைக் குடிச்சாலும் வரும். இந்த அஞ்சு வீட்ல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?"

"இருந்தா என்ன சார் ஆகும்?" என்றேன்.

"மாட்டுக்கு ஆனது அவங்களுக்கும் ஆகலாம்."

மகளுக்கு அப்போதுதான் ஏழாம் மாதம் பிறந்திருந்தது.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தேன். அக்காவுக்கு நோய் இருந்தது. மகளுக்கு இல்லை. "இப்போதைக்கு இல்லை, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. "மூணு வாரம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும். நடுவுல காய்ச்சல் வந்தா அன்னிக்கே வந்துடணும்." அக்கா தன் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்டினாள், பாலைக் கீழே ஊற்றினாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அது கூவும்வரை மூச்சுவிடாமல் நிற்பாள். ஒவ்வொரு நாளும் காய்ச்சல் இல்லை என்றுதான் காட்டியது.

பத்தாம் நாள் மத்தியானம், தொழுவத்துக்குத் தெளிக்க மருந்து கொண்டுபோயிருந்தேன். அக்கா கொல்லைப்பக்கம் இருந்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சிலிர்க்கிற காற்று அடிக்கிறது, அவள் கழுத்தெல்லாம் ஈரம்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் நான் கேட்பதற்கு முன்பே. "நாலு நாளா இப்படித்தான். மாத்திரை போட்டுக்கிட்டு அப்புறம்தான் தெர்மாமீட்டர் வைக்க விடுறேன். தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க."

"பிள்ளை அசையுதா?"

"நேத்து அசைஞ்சுது." கொஞ்சம் யோசித்தாள். "இன்னிக்கு இன்னும் இல்ல."

வாயை மூடிக்கொண்டு இருந்துதான் இவ்வளவும் வந்தது. அக்கா என்று கத்திக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. "மாத்திரைக்கு எங்கடி போன?" என்று மட்டும் கேட்டாள்.

"உன் டப்பாவுல இருந்ததுதாம்மா. நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டுக்கிட்டதை வந்த நாள்லேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

ஆட்டோவில் மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைக்கப் பார்த்தாள். "இந்தக் கை வேணாம்டி" என்று அக்கா இழுத்துக்கொண்டாள். அத்தனை பயத்தை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளைக்குத் துடிப்பு இருந்தது. மெலிசாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றார்கள். மகளைப் படுக்கையில் சேர்த்து அப்போதே மருந்தைத் தொடங்கினார்கள். "தாங்குமான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் பத்து வாரம் ஓட்டணும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பத்து வாரத்துக்கு எத்தனை சாயங்காலம் தம்பி?" என்றாள்.

"எழுபதுக்கா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.