என் இடத்தில் நின்றவள்

பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் நாங்கள், ஊருக்குப் போகும்போது பதிலுக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டுத்தான் விமானம் ஏறுவோம். திரும்பி வந்ததும் அவள் வீட்டுக் கதவின் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆனாலும் நன்றாகச் சமைப்பவளையோ இத்தாலியன் நன்றாகக் கதைப்பவளையோ யாரும் நிறுத்தமாட்டோம். வீட்டுக்காரி சிஞ்ஞோராவுக்கு அவளைப் பிடித்துப்போனால் நம் பாடு அதோடு சரி.

தங்கையின் கல்யாணத்துக்கு மன்னாருக்குப் போனபோது நானும் யோசித்துத்தான் ஆள் பிடித்தேன். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்தவள். இத்தாலியன் ஒரு சொல் தெரியாது. மின்விசிறிக் காற்றுக்கே போர்வை தேடுகிறவள். இவளை எந்தச் சிஞ்ஞோரா வைத்துக்கொள்ளப் போகிறாள்?

வேலை போனால் போகட்டும், வேறு பிடிக்கலாம். அந்த வீட்டுச் சின்னவளைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். அவளை இன்னொருத்தி தூக்குவதை நினைக்கவே எனக்குப் பொறுக்காது.

அவர்களுக்கு மதோனியே மலைக் கிராமம் ஒன்றில் வீடு இருந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, வசந்தத்தில் குதிரைச் சவாரி. பலெர்மோ வெந்துகொண்டிருக்கும் ஆகஸ்டில் அங்கே கம்பளி போர்த்துப் படுப்பார்களாம். மழை தொடங்கினால் காட்டில் காளான் பிடுங்கலாமாம். எல்லாம் எனக்குக் கேள்விதான். சிஞ்ஞோராவின் தாயைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் நான் பலெர்மோவிலேயே நின்றேன். நான் ஊருக்குப் போன நேரம் பார்த்து அந்தக் கிழவி மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். பதிலுக்கு நின்றவள் மலைக்குப் போனாள்.

கல்யாணத்தன்று போனில் படம் வந்தது. வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் சிஞ்ஞோராவின் பழைய கோட்டுக்குள் அவள். அவள் மடியில் சின்னவள். "அக்கா, இஞ்சை சரியான குளிர். ஆனா நல்ல வடிவு" என்று எழுதியிருந்தாள். கோயிலில் தங்கைக்குத் தாலி ஏறும்போது நான் போனில் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் வேறென்ன செய்வாள்?

நான் பலெர்மோ திரும்பியதும் மறுபேச்சில்லாமல் திறப்பைத் தந்தாள். சண்டை பிடிக்க ஒரு சாட்டுக்கூட வைக்கவில்லை, பாவி. என்னையும் மலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி சிஞ்ஞோராவிடம் பிடிவாதம் பிடித்து, அடுத்த சனிக்கிழமையே போனேன்.

"மற்றப் பெண் எங்கே?" என்று கோப்பிக் கடைக்காரன் கேட்டான். பேக்கரியில் பாண் விற்பவளும் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

பனிச் சரிவில் சின்னவளைச் சறுக்குப் பலகையில் இருத்தினேன். பலகை சட்டென்று நழுவியது.

"அக்கா, பிடியுங்கோ!" என்று அலறினாள்.

தமிழில். என்னை அவள் ஒருநாளும் அக்கா என்றதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இத்தனை வருடமும் நான் அவளோடு இத்தாலியனில்தான் கதைத்தேன். எங்கள் ஆட்களுக்குள் என்னைப்போல் இத்தாலியன் கதைக்க யாருமில்லை என்ற பெருமை எனக்கு. மற்றவளிடம் இருந்தது தமிழ் மட்டும்தான். அதைக் கொடுத்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பலகையோடு சேர்த்து அவளை அணைத்துப் பிடித்தேன்.

"பயப்பிடாதை குஞ்சு, நான் பிடிச்சிட்டன்" என்று வாயில் வந்துவிட்டது.

அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு, அக்காவின் பாஷை உனக்கும் தெரியுமா என்று ஆச்சரியத்தோடு இத்தாலியனில் கேட்டாள்.

கொஞ்சம் தெரியும் என்றேன்.